மீன் வந்ததா என்று கேட்டுவிட்டுப் பூச்சி எண்ணினோம்

கால்வாய்க் கரையில் பட்டாம்பூச்சி எண்ணத் தொடங்கும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம். வெயில் இருக்கா? காத்து எப்படி? மீன் வந்துச்சா?

முதல் இரண்டும் யாருக்கும் புரியும். மூன்றாவதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். நான் வேலையிலிருந்து நின்ற பிறகு சேர்ந்த இரண்டு பெண்கள்தான் இப்போது எண்ணுகிறார்கள். கல்லூரியில் படித்தவர்கள். நல்ல பிள்ளைகள். தாளும் பென்சிலும் போய்விட்டன. போனில் எண்ணுகிறார்கள். போன் வெயிலைக் கேட்கிறது, காற்றைக் கேட்கிறது. மீனைக் கேட்பதில்லை.

"எஸ்தர் அக்கா, அது என்ன மீன் வந்துச்சான்னு ஒரு கேள்வி? அத உட்டுடலாமா?" என்று அவர்களில் மூத்தவள் ஷாலினி கேட்டாள்.

விடக்கூடாது என்றேன். ஏன் என்றாள். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். ஆபீஸ் மலரில் போடுவார்களாம். போடட்டும்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில். எங்கள் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. நடவு, களை, அறுப்பு என்று அடுத்தவர் வயலில்தான் வேலை. ஒரு நாள் களை எடுத்துக்கொண்டிருந்தபோது தொப்பி போட்ட ஒரு அம்மா வரப்பில் வந்து நின்றார்.

"இங்க ரொம்பப் பேசாத ஆள் யாரு?"

கூட இருந்த அத்தனை பேரும் என்னைக் காட்டினார்கள். ஒருத்தி சொன்னாள்: "அது பேசவே பேசாதும்மா. அதும் வூட்டுக்காரரு கடுதாசி போட்டுத்தான் கேட்டுக்கினு கீறாரு."

வயலே சிரித்தது. அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

அந்த அம்மா சுகந்தி மேடம். செங்கல்பட்டில் பூச்சிகளைக் கணக்கெடுக்கிற ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பூச்சி ஆபீஸ். அதற்கு மேலே சென்னையில் பெரியவர்கள் இருந்தார்கள். கீழே மேடம். மேடத்துக்குக் கீழே நான்.

பழகியது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும். இறக்கையின் மேல்பக்கம் ஒரு நிறம், அடிப்பக்கம் வேறு நிறம் என்று தெரிந்துகொண்டேன். ஒன்று இன்னொன்றைப் போல வேஷம் போடும் என்று தெரிந்துகொண்டேன். மேடம் புத்தகத்துப் பெயர் சொல்வார். நான் அது எந்தச் செடியில் முட்டை வைக்கிறதோ அந்தப் பெயரை வைத்துக்கொள்வேன். எலுமிச்சையில் வைப்பது எலுமிச்சை. ஆவாரையில் வைக்கிற வெளிர் மஞ்சள், ஆவாரை. எருக்கில் வைக்கிற செம்மஞ்சள், எருக்கன். தாளில் அவர் பெயர், என் தலையில் என் பெயர். இரண்டும் சண்டை போட்டதில்லை.

இனி பாதை. ஏரியிலிருந்து வருகிற கால்வாயின் கரைமேல் போகிறது. யாரும் திட்டம் போட்டுப் போட்டதல்ல. பள்ளிக்கூடம் போகிற பெண்கள் சைக்கிள் மிதித்து மிதித்து ஆன தடம். பிறகுதான் பஞ்சாயத்தில் கிராவல் கொட்டினார்கள். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் வயல். ஓரமெல்லாம் பனை, புங்கன், எருக்கு, ஆவாரை. நடுநடுவே வேலிக்காத்தான் முள்.

அந்தப் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்தோம். ஒவ்வொரு துண்டும் தொடங்குகிற பனையில் சுண்ணாம்பால் எண் போட்டோம். மாசி, பங்குனிதான் முக்கியமான எண்ணிக்கை. பனி விட்டிருக்கும். புங்கன் துளிர்த்திருக்கும். வேம்பு பூக்கத் தொடங்கும். அந்த நேரத்து எண்ணிக்கையைத்தான் மேலே உள்ளவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

பள்ளிக்கூடத்துச் சைக்கிள்கள் எல்லாம் போன பிறகு தொடங்குவோம். சைக்கிளில் போகிற பாதைதான், ஆனால் எண்ணுகிறவர் நடக்க வேண்டும். மாதா சப்பரத்துக்குப் பின்னால் நடக்கிற வேகம். கண்ணுக்கு முன்னால் ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் ஒரு கழி நீளம், வலப்பக்கம் ஒரு கழி நீளம், முன்னால் இரண்டு கழி, மேலே இரண்டு கழி. பெட்டியும் நம்மோடு நகரும். அதற்குள் வந்தால் எண்ணு. வெளியே மேகமாகப் பறந்தாலும் எண்ணாதே. முதுகுப் பக்கமிருந்து வந்து முந்திப் போவதை எண்ணாதே, அது முன்பே எண்ணியதாக இருக்கும். சந்தேகமா, நில். நின்றிருக்கும்போது புதிதாக வருவதைச் சேர்க்காதே. நம் நிழல் அதன்மேல் விழக்கூடாது. மேகம் வெயிலை மறைத்தால் விலகும்வரை நில். கடல்காற்றில் பனையோலை சலசலத்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போ.

பேசக்கூடாது. எனக்கு அது சுலபம். ஊருக்குத்தான் கஷ்டம்.

"இன்னா எஸ்தரு, பூச்சி எண்றியா?" என்பார்கள். பதில் சொல்லமாட்டேன். "வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?" என்று வயலுக்குப் போகிற ஒருவர் கோபித்துக்கொண்டார். வீட்டில் வந்து பிராது சொன்னார். பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவேன். பார்த்தேன், பிறகு பேசுகிறேன் என்று அர்த்தம். ஊர் பழகிக்கொண்டது. தாமதமாகப் பள்ளிக்கூடம் போகிற பெண்கள் மணி அடிக்காமல், அவர்களும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு கடந்து போவார்கள்.

சுகந்தி மேடம் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு கூடுவாஞ்சேரியில். ரயிலில் செங்கல்பட்டு வந்து, பஸ் மாறி, அதற்கு மேல் நடந்து வருவார். குள்ளமான ஆள். வெளுத்த பச்சைச் சட்டை. கத்தமாட்டார். திட்டமாட்டார். நன்றாகச் செய்தாய் என்றும் சொல்லமாட்டார். எண்ணி முடிக்கிறவரை உட்காரமாட்டார், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். முடிந்ததும் பனையடியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பார். பாதியை என் பக்கம் தள்ளுவார். சாப்பிடு என்று சொல்லமாட்டார், தள்ளுவார், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில், எங்கள் தெரு ஆளுக்கு, அது சின்ன விஷயம் இல்லை. சாப்பிட்டேன்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வாங்கியது.

"புதருக்குப் பின்னால ஒன்னு போச்சு மேடம். எலுமிச்சை."

"பார்த்ததா, நினைச்சதா?"

"நெழல பாத்தேன்."

"நிழலை எழுத இடம் இல்ல."

அதற்குப் பிறகு நான் நிழலைச் சொன்னதில்லை.

எங்கள் பாதையில் நான்காவது துண்டுதான் ராஜா. அங்கே ஒரு பெரிய புங்கமரம். அதன் கீழே ஓர் இடம் எப்போதும் ஈரமாக இருக்கும். மாசி, பங்குனியில் கரை முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போதும் அங்கே ஈரம் இருக்கும். வெள்ளையும் மஞ்சளுமாக அதில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். சென்னையிலிருந்து யார் வந்தாலும் மேடம் அங்கேதான் அழைத்துப் போவார்.

ஈரம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கடற்கரைக் குப்பத்திலிருந்து கஜேந்திரன் என்று ஒருவர் சைக்கிளில் மீன் கொண்டுவருவார். கஜா என்பார்கள். பின்னால் கேரியரில் பெட்டி, பெட்டியில் மீனும் ஐஸும். ஐஸ் கரைந்து வழி நெடுகச் சொட்டும். ஊருக்குள் நுழையும் முன் புங்கமரத்தடியில் நிறுத்தி, பெட்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, ஹாரனை அமுக்குவார். தண்ணீரோடு மீனைத் தூக்கி எடை போட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். அதனால் அந்த வடிப்பு. அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் நாங்கள் எண்ண வருவோம். மேடம் பார்ப்பது ஈரத்தை மட்டும். நான் இரண்டையும் பார்த்தவள். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. வாசலில் கிடக்கிற கல்லை யார் யோசிக்கிறார்கள்?

மூன்றாவது கேள்வி பிறந்த வருஷத்துக்கு வருகிறேன்.

கரையில் வேலிக்காத்தான் அதிகமாகிவிட்டது. சைக்கிள் பஞ்சராகாத நாள் இல்லை. பரீட்சைக்குப் போன பெண் ஒருத்தி வழியில் நின்றுவிட்டாள். டயரில் காற்று இல்லை. அழுதுகொண்டே தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். பெற்றவர்கள் பஞ்சாயத்து வாசலில் போய் உட்கார்ந்தார்கள். கரையைச் சுத்தம் செய்ய உத்தரவு வந்தது. நூறு நாள் வேலைப் பெண்கள் இறங்கினார்கள்.

அவர்களுக்கு முன்னால் நிற்பவர் என் அண்ணன் மனைவி மேரி அண்ணி. அவர் சொன்னால்தான் மற்றவர்கள் கத்தி எடுப்பார்கள். நான் எவ்வளவு பேசமாட்டேனோ அவ்வளவும் அவர் பேசுவார்.

நிழல் இருக்கிறது என்று நான்காவது துண்டில் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் சுத்தம் செய்தால் சுத்தம்தான். கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆக்கிவிடுவார்கள். பச்சை தெரிந்தால் வேலை செய்யவில்லை என்று மேஸ்திரி எழுதிவிடுவார் என்கிற பயமும் உண்டு. முள்ளோடு எருக்கு போனது, ஆவாரை போனது, கொடி போனது. புங்கன் மட்டும் நின்றது.

பங்குனி முதல் எண்ணிக்கையில் நான்காவது துண்டு பாதிக்கும் கீழே விழுந்தது. அடுத்த எண்ணிக்கையில் அதற்கும் கீழே. மற்ற துண்டுகள் எப்போதும் போல இருந்தன.

மேடம் தாளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

"வெட்டினதாலயா மேடம்?" என்றேன்.

"பார்த்தது, குறைஞ்சிருக்கு. வெட்டினதாலன்றது நினைச்சது" என்றார்.

ஆனால் தாள் மேலே போனது. மேலே உள்ளவர்கள் காத்திருக்கவில்லை. செடியை வெட்டியதால் பூச்சி அழிகிறது, கரை வேலையை நிறுத்துங்கள் என்று பஞ்சாயத்துக்கு எழுதினார்கள். பஞ்சாயத்தில், அப்படியானால் பெண்கள் ஏரிக்கு அந்தாண்டை இருக்கிற தாங்கலில், அந்தச் சின்ன ஏரியில், தூர் வாரப் போகட்டும் என்றார்கள். தாங்கல் வெகுதூரம். அண்ணியோடு வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் முழங்கால் போனவர்கள். கரை என்றால் வீட்டிலிருந்து எட்டி நடந்து வந்துவிடுவார்கள். தாங்கல் என்றால் அவர்களுக்கு வேலை இல்லை என்றுதான் அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு முள் அப்படியே நிற்கும்.

பங்குனியில் இன்னும் ஓர் எண்ணிக்கை பாக்கி. அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் அவர் ஆட்கள்.

"ஏன் எஸ்தரு, ஒன் பூச்சிய நாங்க புட்சி தின்னுட்டோமா?"

"நான் அப்டி சொல்லல அண்ணி."

"சொல்லல, எழுதி குட்த்துட்ட. வாய் பேசாதவ கை இன்னா பேச்சு பேசிகீது பாரு."

பெண்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. குரலை இறக்கினார்.

"அடுத்த தபா எண்றப்போ ஒரு பத்து பூச்சி சேத்து எழுது. யாரு வந்து பூச்சிய எழுப்பி கேக்கப் போறாங்க? கன்னியம்மா கால பாரு. அது தாங்கலுக்கு நடக்குமா?"

கன்னியம்மா அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார். கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் தேவாலயச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கறத எழுதுவேன் அண்ணி."

"பாக்காதத?"

"எழுதமாட்டேன்."

"ஒன் அண்ணனுக்கு சோறு போட்ற கை இது. நெனப்பு வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. குழம்பு கொடுத்தனுப்பினேன். கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது. கழுவக்கூட இல்லை.

அந்த எண்ணிக்கை நாள் வந்தது. வெயில் நன்றாக இருந்தது. காற்று இல்லை. நானும் மேடமும் முதல் பனையில் தொடங்கினோம். நான்காவது துண்டுக்கு வந்தால், புங்கமரத்தடியில் அண்ணியும் அவர் ஆட்களும் நாஸ்தா பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரை வேலையைப் பஞ்சாயத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பார்க்க வந்திருந்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். யாரும் தூக்கவில்லை.

நடந்தேன். பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. தரை காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. ஒரு சின்ன நீலம். பிறகு ஒன்றும் இல்லை. பென்சில் பிடித்த கை சும்மா இருந்தது. அத்தனை பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணிக்குத் தாங்கவில்லை.

"எழுதிக்கோடி, எழுதிக்கோ. நாங்க அறுத்தது செடி. பூச்சி போனது கஜாவோட. அவன் மொபெட்டு வாங்கிகினு ரோட்டு வழியா போய்ட்டான். அதுங்களும் பின்னாடியே பூட்ச்சு. ரோட்டாண்ட போய் பாரு, வாளையா சங்கராவான்னு பேரம் பேசிகினு இருக்கும்!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கன்னியம்மா அக்காகூடச் சிரித்தார்.

மேடம் நின்றார். துண்டின் நடுவில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. திரும்பி அண்ணியிடம் போனார்.

"கஜா யாரு?"

அண்ணி சிரிப்பை நிறுத்தினார். "மீன்காரன் மேடம். தெனம் இங்கதான் பொட்டிய சாச்சி தண்ணி ஊத்துவான்."

"பூச்சி அதுல உட்கார்ந்தது, பார்த்ததா, நினைச்சதா?"

"நெனைக்கறதுக்கு எனக்கு இன்னா வேல இல்லியா? பாத்தது மேடம். தெனமும் பாத்தது. கல்யாணப் பந்தி மாரி வரிசையா ஒக்காந்துகினு இருக்கும்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கரையை வெட்டிய அதே நாட்களில் கஜா மொபெட் வாங்கியது எனக்கும் தெரியும். வாரம் இரண்டு தரம் அவரிடம்தான் மீன் வாங்கினேன். ஊருக்கு அந்தப் பக்கம், தார் ரோட்டில். மீன் வருவது நிற்கவில்லை, வருகிற வழிதான் மாறியது. அதனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"இது நினைச்சதுதான்" என்றார் மேடம். "இனிமே பார்க்கணும்."

மறுநாள் அவர் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். இருவரும் தார் ரோட்டில் போய் நின்றோம். கஜா வந்தார். மேடம் கேட்டதைக் கேட்டதும் மொபெட்டை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கினார்.

"மீன் கேப்பாங்க, நண்டு கேப்பாங்க, கருவாடு கேப்பாங்க. தண்ணி கேட்ட மொத ஆளு நீங்கதான் மேடம். இன்னாக்கா, ஒங்க மேடத்துக்கு ஒடம்பு நல்லாதான கீது?"

"ஊத்துண்ணாத்த" என்று குடத்தை நீட்டினேன்.

மேடம் முறை சொன்னார். வெட்டிய நான்காவது துண்டில் ஒரு குடம் மீன் தண்ணீர். வெட்டாத இரண்டாவது துண்டில் ஒரு குடம் மீன் தண்ணீர். வெட்டாத ஆறாவது துண்டில் ஒரு குடம் வெறும் கால்வாய்த் தண்ணீர். மூன்றிலும் நேற்று வரை தரை காய்ந்திருந்தது. ஊற்றிவிட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும். எண்ணுகிற நேரத்தில்தான் வர வேண்டும். இப்படிச் சில நாள் செய்ய வேண்டும்.

குடத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு தள்ளினேன். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். மூன்று பூனைகள் கூடவே வந்தன. எதிரே வந்த பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஒரு கையைத் தூக்கவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மேடம் மட்டும் எதுவும் இல்லாதது போல என் பின்னால் வந்தார்.

நான்காவது துண்டில் வந்தன. முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் நிறைய. ஆவாரை, எலுமிச்சை, சின்ன வெள்ளை எல்லாம் சேற்றில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. இரண்டாவது துண்டிலும் அப்படியே. இத்தனை வருஷத்தில் அங்கே அப்படிப் பார்த்ததில்லை. வெறும் தண்ணீர் ஊற்றிய இடத்தில் ஒன்றிரண்டு வந்து, ருசி பார்த்துவிட்டு எழுந்துபோயின. உப்புத்தான் வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் எங்கும் ஈரம், அவற்றுக்குக் கவலை இல்லை. பங்குனியில் கஜாவின் பெட்டிதான் கதி.

எனக்கு அப்போதே அண்ணியிடம் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. மேடம் தாளைத் தட்டினார்.

"எருக்கன்?" என்றார். என் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

பார்த்தேன். மீன் தண்ணீர் ஊற்றியும் நான்காவது துண்டில் எருக்கன் இல்லை. ஒன்றுகூட இல்லை. அது சேற்றுக்கு வருகிற ஜாதி இல்லை. அதற்கு எருக்கு வேண்டும். எருக்கு நிற்கிற துண்டுகளில் எல்லாம் இருந்தது. நான்கில் இல்லை.

"ரெண்டையும் எழுது" என்றார்.

எழுதினேன்.

கூட்டம் பஞ்சாயத்து ஆபீஸில் நடந்தது. சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அண்ணியும் ஆட்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மேடம் எழுந்து, இத்தனை வருஷமாக நான்காவது துண்டில் அதிகம் இருந்தது மீன் தண்ணீரால், அது இப்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது என்றார். முகத்தில் வெட்கம் இல்லை. நேற்று தெரியாது, இன்று தெரியும் என்கிற முகம். சென்னைக்காரர் குறித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எண்ணினது நீங்கதானேம்மா. நீங்க சொல்லுங்க. வெட்டினதால குறைஞ்சதா, இல்லையா?"

அண்ணி வாசலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீன் கதையைக் கேட்ட பிறகு யாரும் மறுக்கப் போவதில்லை.

"பாதி மீன். பாதி எருக்கு" என்றேன்.

"பாதி எங்க மேலயா?" என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது.

"ஆமா அண்ணி. வெள்ளையும் மஞ்சளும் ஒங்களால போகல. எருக்கன் ஒங்களாலதான் போச்சு. எருக்க வேரோட புடுங்கிட்டீங்க. அது முட்ட வெக்க எடம் இல்ல."

என் ஆயுளில் கூட்டத்தில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அண்ணி உள்ளே வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

"எருக்கம்செடி குத்துமா? டயரு கியிக்குமா?"

"இல்ல."

"அப்றம் அத அறுக்கறதுக்கு எங்களுக்கு இன்னா தலையெழுத்து? பச்ச தெரியக்கூடாதுன்னு மேஸ்திரி சொன்னாரு, அறுத்தோம். முள்ள மட்டும் அறு, எருக்க உடுன்னா வேல பாதி. யாருக்கு கசக்குது?" பஞ்சாயத்துத் தலைவர் பக்கம் திரும்பினார். "இன்னா தலைவரே, பச்ச தெரிஞ்சா ஆப்சென்ட் போடுவீங்களா?"

போடமாட்டோம் என்றார் தலைவர். வேறு என்ன சொல்வார்.

கரை வேலை அவர்களுக்கே கிடைத்தது. முள்ளை எடுத்தார்கள். எருக்கையும் ஆவாரையையும் விட்டார்கள். மேலே இருந்து வந்த ஓர் ஓவர்சீயர் இது என்ன அரைகுறை வேலை என்று கேட்டபோது, "அது பூச்சி வூடு. இடிக்கணும்னா நீயே வந்து இடி" என்று அண்ணி கத்தியை நீட்டினாராம். கன்னியம்மா அக்கா அந்தக் கரையிலேயே வேலை செய்தார், கால் விட்ட வரைக்கும்.

என்னோடு மட்டும் அண்ணி பேசவில்லை. அந்தக் கோடை முழுக்கப் பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காலையில் அவரே வந்து, கையில் ஓர் எருக்கிலையை நீட்டினார். இலைக்கு அடியில் வரி வரியாக ஒரு புழு.

"இதானா ஒன் ஆளு?"

"ஆமா."

"நாலாவுது துண்டுல கீது. பாத்தது. நெனைக்கல" என்று சொல்லிவிட்டு, இலையைக் கொண்டுபோய்ச் செடியிலேயே விட்டுவிட்டு வந்தார். பிறகு என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் கிண்ணத்தில்தான் குழம்பு ஊற்றினேன்.

கஜா ஒரு நாள் கேட்டார்: "நான் வேணா கரை வழியா வரட்டா மேடம்? அதுங்க பாவம்."

"உங்க இஷ்டம்" என்றார் மேடம். "நாங்க எண்ண வந்தவங்க, பரிமாற வந்தவங்க இல்ல. ஆனா நீங்க வந்தாலும் எங்களுக்குத் தெரியணும். வராட்டியும் தெரியணும்."

அப்படித்தான் மூன்றாவது கேள்வி வந்தது. தார் ரோட்டில் திருவிழா, ஊர்வலம் என்றால் கஜா கரை வழியாகத்தான் வருவார். அவருக்குப் பிறகு மீன் கொண்டுவருகிறவரும் அப்படியே. அன்றைக்கு நான்காவது துண்டில் கூட்டம் நிற்கும். தெரியாமல் எண்ணினால் கரை செழித்துவிட்டது என்று எழுதுவோம். அடுத்த தடவை மீன் வராது, கரை செத்துவிட்டது என்று எழுதுவோம். யார் தலையிலாவது அது விழும். அதனால் கேட்டுவிட்டு எண்ண வேண்டும். மேடம் வேலையிலிருந்து நின்ற பிறகும் நான் கேட்டேன். ஒரு தடவைகூட விட்டதில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், எழுதியவரை ஷாலினியிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் பெண்கள் எண்ணுவதைப் பார்க்க நானும் போனேன். அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். பங்குனி வெயில். நான்காவது துண்டில் புங்கமரத்தடியில் அண்ணி ஆட்டை மேயவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது வேலைக்குப் போவதில்லை. வாய் மட்டும் அப்படியே. எங்களைப் பார்த்ததும் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"மீன் வர்ல! ரோட்டு வழியா பூட்டான்! போய் எண்ணுங்கடி!"

ஷாலினி நின்றாள். போனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பார்த்ததா ஆயா, நினைச்சதா?"

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "பாத்ததுடி! காலையிலேர்ந்து இங்கயே ஒக்காந்துகினு கீறேன், ஒரு ஈ காக்கா வர்ல. என்னாண்டயே கேக்குது பாரு! யாருகிட்ட கேக்குற நீ? இன்னா எஸ்தரு, வாயத் தொறந்து சொல்லேன்!"

ஷாலினி போனில் எதையோ தட்டினாள். அடுத்த அடி எடுத்து வைத்தாள்.

அந்தத் துண்டின் எண்ணிக்கை தொடங்கிவிட்டது. நான் கையை மட்டும் தூக்கினேன்.